புண்ணைக் காத்த பெருமகன் லிஸ்டர்

தமிழகத்திற்கும் ஆந்திரத்திற்கும் பொதுவாகப் பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. அதன் கரையிலுள்ள குப்பங்களில் வாழ்வோர்க்கு வலையும் படகுமே வாழ்வு. நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்டிரையும் அங்குக் காணலாம். சிப்பி காலைக் கிழிக்கும். கெளுத்தி முள் கையில் தைக்கும். காயம் சிறிதுதான், அது சீழ் வைத்துவிட்டாலோ பல நாள் உழைப்பும் உணவும் போய்விடும். சிறு காயம் பெருந்துன்பமாவது ஏன் என்று வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஒருவரை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம். அவர்தாம் அறுவை மருத்துவ மேதை ஜோசப் லிஸ்டர்.

1827ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இலண்டனை அடுத்த அப்டன் என்னும் ஊரில் லிஸ்டர் பிறந்தார். தந்தையார் மது வணிகர். ஆயினும் நுண்ணோக்கியின் கண்ணாடி வில்லைகளைச் செம்மைப்படுத்திப் புகழ் பெற்றவர். கண்ணுக்குத் தெரியாத உலகை நாடும் விருப்பம் மகனுக்கு இல்லத்திலேயே வாய்த்தது எனலாம். இலண்டனில் மருத்துவம் பயின்ற லிஸ்டர், எடின்பரோவில் சைம் என்னும் அறுவை வல்லுநரிடம் பணியாற்றினார். 1856இல் அவர்தம் மகள் ஆக்னெஸை மணந்தார். கணவரின் ஆய்வுக் குறிப்புகளை எழுதி உதவிய அவ்வம்மையாரையும் நாம் மறத்தலாகாது.

1860இல் லிஸ்டர் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அந்நாளைய மருத்துவமனைகளின் நிலை இரங்கத்தக்கது. மருத்துவர்கள் கை கழுவாமலே அறுவை செய்தனர். குருதி படிந்த மேலங்கியைப் பெருமையாகக் கருதினர். அறுவை வெற்றி பெறும். நோயாளியோ புண் அழுகி இறப்பார். தீய காற்றே காரணம் என்று பலரும் நம்பினர்.

நுண்ணுயிர்களே பொருள்களை அழுகச் செய்கின்றன என்னும் பாஸ்டரின் ஆய்வு லிஸ்டருக்கு வழி காட்டிற்று. கார்லைல் நகரில் சாக்கடையின் நாற்றம் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்பட்டதையும் அவர் அறிந்தார். 1865ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்த ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் 11 வயதுச் சிறுவன் கொண்டுவரப்பட்டான். தோல் கிழிந்த இத்தகைய முறிவுக்குக் காலை வெட்டி எடுப்பதே அன்றைய வழக்கம். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் புண்ணை மூடினார். ஆறு வாரங்களில் கால் குணமாயிற்று.

அதற்கு மறுநாளே, ஆகஸ்டு 13இல், மருத்துவர்கள் கை கழுவ வேண்டும் என்று முன்னரே போராடிய செம்மல்வைஸ் வியன்னாவில் மனநோயகம் ஒன்றில் மறைந்தார் என்பது நெஞ்சை உருக்கும் செய்தியாகும்.

1867இல் லிஸ்டர் தம் முறையை லான்செட் இதழில் வெளியிட்டார். அம்முறை வருமுன்னர், உறுப்பு நீக்கம் பெற்ற 35 பேரில் 16 பேர் இறந்திருந்தனர். வந்த பின்னர் 40 பேரில் இறந்தோர் 6 பேரே. எனினும் ஏளனம் செய்தோர் பலர். காற்றிலும் அமிலத்தைத் தெளிக்கும் கருவியை லிஸ்டர் அமைத்திருந்தார். காற்றினும் கையும் கருவியும் துணியுமே பெரும் இடர் தருவன என்று தெளிந்ததும், 1890இல் தாமே அதனைக் கைவிட்டதாக அறிவித்தார். தம் பிழையைத் தாமே ஒப்பும் இப்பண்பே அவரது பெருமையின் முடி என்போம். 1897இல் பிரபுப் பட்டம் பெற்ற அவர், 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் காலமானார்.

லிஸ்டர் தொடங்கிய பணி முற்றுப்பெறவில்லை. கட்டிற் கம்பியும் கதவுக் கைப்பிடியும் கிருமிகளைக் கைமாற்றுகின்றன. செம்பின் பரப்பில் படியும் பல கிருமிகள், அதிலிருந்து வெளிப்படும் அயனிகளால் தாமே மடிகின்றன. 2008இல் அமெரிக்க அரசு செப்புக் கலவைகளைக் கிருமிக்கொல்லிப் பொருள்களாகப் பதிவு செய்தது. செப்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் காலரா முதலிய கிருமிகள் அழிவதை 2012இல் வெளியான பெங்களூர் ஆய்வொன்று காட்டியது. நம் பாட்டியர் துலக்கிய செம்புக்குள் இத்தகைய ஆற்றல் உறைந்திருந்தது! ஆயினும் செம்பு கை கழுவுதலுக்கு மாற்றாகாது, துணையே ஆகும்.

மருத்துவமனை நோய் தீர்க்கும் இடமேயன்றி நோய் தரும் இடமாகலாகாது. ஏரிக்கரையிலிருந்து காயத்துடன் வரும் ஏழைத் தாய்க்கும் அரசிக்கும் ஒரே தூய்மை கிடைக்கும் நாளே லிஸ்டருக்கு நாம் எடுக்கும் உண்மையான விழா நாளாகும்.