மிளகின் காரத்தைப் பிரித்தெடுத்தவர்

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை உண்டவர்களுக்கு மிளகும் சுக்கும் சுருக்கென்று ஏறுவது மறக்காது. மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் வெந்த பிரசாதம் ஆறிப் போயிருக்கும். ஆயினும் நாக்கு சுடுகிறது என்றே சொல்லும். ஆறின பண்டம் சுடுவானேன்? இக்கேள்விக்கு முதல் வாசலைத் திறந்தவர்களில் ஒருவர், காஞ்சியைக் கண்ணாலும் காணாத டென்மார்க்குக்காரர். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவைக் கண்டறிந்தாரே, அந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட்தான்!

1777 ஆகஸ்டு 14-ம் தேதி, ருட்கோபிங் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை மருந்துக் கடைக்காரர். ஹான்ஸும் தம்பி ஆண்டர்ஸும் இளமையில் பாடம் கற்றது, பொய்முடி தயாரிப்பவர் ஒருவர் வீட்டில்! தம்பி பிற்காலத்தில் பிரதம மந்திரியானார். அண்ணனை விடாமல் பிடித்துக்கொண்டது தந்தையின் மருந்துக் கடைதான். 1799-ல் டாக்டர் பட்டம். 1806-ல் கோபன்ஹேகன் சர்வகலாசாலையில் பேராசிரியர் பதவி.

அந்நாளில் நம் தரங்கம்பாடியிலும் டேனிஷ் கொடிதான் பறந்தது. மிளகு வியாபாரத்தை நாடி 1620-ல் வந்து கோட்டை கட்டியவர்கள், 1845-ல்தான் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள்.

அபினியிலிருந்து மார்பினைப் பிரித்த செய்தி ஐரோப்பாவெங்கும் பேசப்பட்ட காலம் அது. தாவரங்களின் சத்தைத் தனியே எடுக்க ரசாயனிகள் போட்டியிட்டனர். ஓர்ஸ்டெட் மிளகை எடுத்துக்கொண்டார். 1819-ல் அதன் காரச் சத்தைப் பிரித்தார். அதுவே பைப்பரின்.

மறு ஆண்டே, மின்கம்பியருகே திசைகாட்டி முள் அசைந்தது. உலகம் முள்ளைப் பார்த்தது, மிளகை மறந்தது. 1825-ல் அலுமினியத்தையும் பிரித்துக் காட்டிய அவர், 1851 மார்ச் 9-ம் தேதி காலமானார். பைப்பரின் ஏன் எரிகிறது என்பது அவர் காலத்தில் விளங்கவே இல்லை.

விடை 1997-ல் வந்தது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ், மிளகாய்ச் சத்தைக் கொண்டு நரம்பு நுனியிலுள்ள ஒரு வாயிலைக் கண்டுபிடித்தார். 2021-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். சுமார் 43 டிகிரி சூட்டில் திறக்கும் அந்த வாயிலை மிளகின் பைப்பரினும், இஞ்சி, சுக்கின் காரமும்கூடத் திறந்துவிடுகின்றன. மூளைக்குப் போவது நெருப்புச் செய்திதான். திரும்பத் திரும்பத் தூண்டினால் நரம்பு சோர்ந்து வலியுணர்வு மங்கும். மிளகாய்ச் சத்துக் களிம்பு நரம்பு வலிக்கு உதவுவது இவ்வாறே. தலைவலிக்குப் பாட்டி போடும் சுக்குப் பற்று நினைவுக்கு வருகிறதல்லவா?

வாயிலை அடியோடு மூடிவிட்டால் வலியே இராதே என்று மருந்து செய்தும் பார்த்தார்கள். உண்டவர்கள் சிலருக்குக் காய்ச்சல் ஏறியது. சுடுநீர் சுடுவதே சரியாகத் தெரியவில்லை.