சம்பளம் வாங்காத பேராசிரியர்

மாதம் பிறந்தால் கைக்கு வரும் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அதிலும், தந்தை பட்ட கடன் தலைக்கு மேல் நிற்கும்போது? ஒரு மாதமல்ல, இரண்டு மாதமல்ல, மூன்று ஆண்டுகள் அப்படிச் சொன்ன மனிதர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவர்தான் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ்.

1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி, இன்றைய வங்கதேசப் பகுதியில் போஸ் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் டெபுடி மாஜிஸ்திரேட். அத்தகைய உத்தியோகஸ்தர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலம் அது. அவரோ மகனை வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர் மகனோடும் முஸ்லிம் சேவகர் மகனோடும் சேர்ந்து உட்கார்ந்து படித்தான் சிறுவன். மனிதரில் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்பது அந்த வயதிலேயே நெஞ்சில் பதிந்தது.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் படிப்பு. 1880-இல் வைத்தியம் படிக்க இங்கிலாந்து சென்றார். காய்ச்சல் விடாமல் வாட்டியதால் அதைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்துத் தேறினார். புகழ் பெற்ற ராலே பிரபு அங்கே அவருக்கு ஆசிரியர்.

தாயகம் திரும்பியவருக்கு வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் சிபாரிசு கிடைத்தது. சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை தாங்கி நிற்பது இவர் பெயரைத்தான். இருந்தும் கல்வி அதிகாரிகள் முகம் சுளித்தனர். நுட்பமான விஞ்ஞானத்தைக் கற்பிக்க இந்தியர்களுக்குத் திறமை போதாது என்பது அவர்களில் பலருடைய எண்ணம். வேறு வழியின்றி, 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராகத் தற்காலிக நியமனம் கொடுத்தார்கள்.

சம்பளத்தில்தான் சங்கடம் வந்தது. ஒரே வேலைக்கு வெள்ளையர் வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிக வேலை என்பதால் அதிலும் பாதி. ஆக, வெள்ளையருக்கு மூன்று ரூபாய் என்றால் போஸுக்கு ஒரு ரூபாய்!

போஸ் வேலையை உதறவில்லை, ஊர்வலம் போகவில்லை. தினமும் வகுப்புக்குப் போனார். மாணவர்கள் மெய்மறந்து கேட்கும்படி பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். பொது நன்மைக்கென்று தொழில்களில் பணம் போட்டு நஷ்டப்பட்ட தந்தையின் கடன் ஒரு பக்கம். 1887-இல் நடந்த திருமணத்துக்குப் பின் குடும்பப் பொறுப்பு மறுபக்கம்.

அவர் கைப்பிடித்த அபலாவும் வாசல் அடைக்கப்படுவதன் வேதனையை அறிந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் இல்லாததால், 1882-இல் சென்னைக்கு வந்து வைத்தியம் படித்தார். உடல்நலம் கெட்டுப் படிப்பை முடிக்க முடியாமல் போயிற்று. பின்னாளில் பெண் கல்விக்காகவே உழைத்தவர் அவர். கணவரின் பிடிவாதத்துக்கு அவர் குறுக்கே நிற்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். வேலை நிரந்தரமாயிற்று; முழுச் சம்பளமும் முன்தேதியிட்டு மொத்தமாக வந்தது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்க உதவியது.

ஆனால் ஒருவருக்குக் கதவு திறந்ததால் எல்லோருக்கும் திறந்துவிட்டதா? இல்லை. 1889-இல், எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்று வந்த பிரபுல்ல சந்திர ராய் அதே கல்லூரியில் மாதம் 250 ரூபாய்க்குத் தற்காலிக உதவிப் பேராசிரியராகவே அமர்த்தப்பட்டார்.

போஸுக்கும் சோதனை தீரவில்லை. முறையான ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. கல்லூரியின் ஒரு சின்னஞ்சிறு அறையில், உள்ளூர்த் தகரக் கொல்லரைக் கொண்டு கருவிகள் செய்துகொண்டார். பாடம் நடத்திய நேரம் போக மிஞ்சியதே ஆராய்ச்சிக்கு. அந்த அறையில் பிறந்ததுதான் மிகக் குறுகிய மின்காந்த அலைகளைப் பற்றிய ஆராய்ச்சி. 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில், கம்பியில்லாமல் சுவர்களைக் கடந்து அலைகளை அனுப்பி, மணியை அடிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்து காட்டினார். மறு ஆண்டே லண்டன் சர்வகலாசாலை டாக்டர் பட்டம் அளித்தது.

பின்னர் தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்ந்தபோது மேல்நாட்டு வல்லுநர்கள் சிலர் எதிர்த்தனர். அவருடைய கட்டுரையை ராயல் சொசைட்டி வெளியிடாமல் நிறுத்தியது. அதில் விஞ்ஞானக் கருத்து வேற்றுமை எவ்வளவு, நிறவேற்றுமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. 1920-இல் அதே சொசைட்டி அவரை அங்கத்தினராக்கிக் கௌரவித்தது.

1917-இல், தம் பிறந்த நாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். எந்த நாட்டவரும் வந்து ஆராயலாம் என்றும், கண்டுபிடிப்புகள் உலகத்தின் பொதுச் சொத்து என்றும் அறிவித்தார். தமக்கு மறுக்கப்பட்டதை மற்றவர்களுக்கு மறுக்கக் கூடாது என்ற எண்ணம்! 1937 நவம்பர் 23-ஆம் தேதி கிரிதியில் அவர் காலமானார்.

அந்த நிலையத்தின் பழைய கட்டடம் இருக்கும் சாலைக்கு இன்று பிரபுல்ல சந்திர ராயின் பெயர். மூன்றாண்டு போராடி வென்றவரின் நிலையம், 250 ரூபாயில் தொடங்கியவரின் பெயரால் அமைந்த சாலையில் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும் நம்மவர்கள் ஒரு கணம் நின்று பார்க்கலாம்.