இரண்டாவது ஊசி

ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் ஊசி போடும் முன், எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கானு நர்ஸ் கேட்பாங்க. நாம போனைப் பார்த்துக்கிட்டே இல்லைனு தலையாட்டுவோம். அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு நாய் செத்த கதை இருக்கு.

சார்ல்ஸ் ரிஷே 1850ல் பாரிஸில் பிறந்தார். அப்பா அறுவை சிகிச்சைப் பேராசிரியர், மகன் உடலியங்கியல் பேராசிரியர். ஆனா ஒரே டிபார்ட்மென்ட்டில் அடங்குற ஆள் இல்லை. நாடகம் எழுதினார், ஆவிகளை ஆராய்ந்தார். பிரெகே சகோதரர்களுக்கு வழிகாட்ட, நாலு ரோட்டர் வைத்த ஒரு இயந்திரம் 1907ல் தரையை விட்டு எழும்பியது (டிரோன் கிளப் பசங்க கவனிக்க!). இனவாதக் கருத்துகளும் அவரிடம் நிறைய இருந்தன. அதை மறைக்கத் தேவையில்லை.

1901ல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில், பால் போர்ட்டியருடன் சேர்ந்து கடல் உயிரிகளின் விஷத்தை ஆராயப் போனார். பாரிஸ் திரும்பியதும் கடல் சாமந்தியின் விஷத்தை நாய்களுக்கு ஏற்றி, எவ்வளவு கொடுத்தால் ஆபத்து என்று அளந்தார்கள். பிழைத்த நாய்களைத் தேறவிட்டு மறுபடி சோதித்தார்கள்.

நெப்டியூன் நல்ல திடமான நாய். முதல் ஊசியில் ஒண்ணும் ஆகலை. சில வாரம் கழித்து அதே சின்ன அளவு. சில நொடிகளில் மூச்சு வாங்கியது, நிற்க முடியாமல் சரிந்தது, ரத்தமாக வாந்தி எடுத்தது. 25 நிமிஷத்தில் செத்துப்போச்சு.

நம்ம லேபா இருந்தா ரீடிங் தப்புனு அடிச்சிட்டுப் போயிருப்போம். ரிஷே விடலை. மற்ற நாய்களிலும் பார்த்தார். முதல் டோஸ் பாதுகாப்பு தரவில்லை, உடலை எதிரியாகத் தயார் செய்திருந்தது. பாதுகாப்புக்கு நேர் எதிர் என்ற பொருளில் அனஃபிலாக்ஸிஸ் என்று பெயர் வைத்தார். 1913ல் நோபல்.

1935ல் அவர் இறந்தபோது பெனிசிலின் ஆஸ்பத்திரிகளுக்கு வந்திருக்கவில்லை. வந்தபின் அதே விபரீதம் மனுஷங்களுக்கும் நடந்தது. போன தடவை ஒத்துக்கிட்ட மருந்து இந்தத் தடவையும் ஒத்துக்கும்னு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறார்கள், கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள். மீறி வந்துவிட்டால் மருந்தை உடனே நிறுத்தி, படுக்கவைத்து, தொடைத் தசையில் அட்ரினலின் போடுகிறார்கள். அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது.

இதை எழுதும்போது அம்மாகிட்ட கேட்டேன். சின்ன வயசில் ஏதோ சிரப் குடிச்சு எனக்கு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சாம். ரோஸ் கலர் சிரப்பாம். பேர் ஞாபகம் இல்லையாம்.