வானலையில் வழி வகுத்தவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார்

திருச்சிக்குப் பெருமைகள் பல உண்டு. மலைக்கோட்டை உண்டு; அகண்ட காவிரி உண்டு; அரங்கத்துப் பெருமாள் உண்டு. இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொன்றை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் திருச்சியில் வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. 1947இல் நாடு விடுதலை பெற்றபோது, இந்தியாவின் பங்குக்கு வந்த அகில இந்திய வானொலி நிலையங்கள் ஆறே ஆறுதான். தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ ஆகிய ஐந்தும் பெருநகரங்கள். ஆறாவது நம் திருச்சிராப்பள்ளி!

அந்த மே 16க்குச் சரியாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1924ஆம் ஆண்டு அதே மே 16இல், சென்னையில் சிலர் கூடி ஒரு சங்கம் கண்டனர். சென்னை மாகாண ரேடியோ கிளப் என்பது அதன் பெயர். அரசாங்கம் அமைத்த சங்கமன்று அது. இலாபம் நோக்கிய வணிகர் அமைத்ததும் அன்று. ரேடியோ என்னும் புதுமையின்பால் காதல் கொண்ட தனி மனிதர்கள் தம் கைப்பணத்தைப் போட்டு அமைத்தது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார்.

தென்னாட்டு ஒலிபரப்பின் தந்தை என்று வானொலி வரலாற்றை எழுதுவோர் அவரைக் குறிப்பிடுவர். தந்தை என்று பட்டம் சூட்டுவதில் தமிழராகிய நாம் வள்ளல்கள். சூட்டிய பின் அவரை மறப்பதிலும் நாம் சளைத்தவர்கள் அல்லர். பிறந்த ஊர், படித்த பள்ளி என்று வரிசையாகச் சொல்லிச் செல்லும் வரலாறாக இதனை நான் எழுதவில்லை. ஒரு மனிதர் சில ஆண்டுகள் விடாப்பிடியாகச் செய்த ஒரு காரியமே அவர் வரலாறாக நின்றுவிடுவதுண்டு. செட்டியாரின் வரலாறு அத்தகையது.

அக்காலத்தைச் சற்றுக் கண்முன் நிறுத்திப் பாருங்கள். மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிக் கம்பியில்லாக் குறிகளை வாங்கியது 1901இல். அதன்பின் இருபதாண்டுக் காலம் கம்பியில்லாத் தந்தி என்பது கப்பலுக்கும் படைக்கும் உரிய கருவியாகவே இருந்தது. பேச்சையும் பாட்டையும் வானில் அனுப்பி, வீட்டிலிருப்போர் யாவரும் கேட்கச் செய்யலாம் என்ற எண்ணம் முதல் உலகப் போருக்குப் பின்னரே வேர்கொண்டது. இலண்டனில் பி.பி.சி. தன் ஒலிபரப்பைத் தொடங்கியது 1922 நவம்பரில். இந்த அலை வீசிய காலத்தில் இங்கிலாந்து சென்று பொறியியல் பயின்றவர் செட்டியார். சீமைக்குப் போனவர்கள் கோட்டும் தொப்பியுமாகத் திரும்பி வந்த நாளில், இவர் ஒலிபரப்புக் கருவிக்கான உறுப்புகளைக் கொண்டுவந்தார் என்பர்.

அந்த உறுப்புகளைப் பூட்டி உருவான கருவியின் ஆற்றல் 40 வாட். முன்பு நம் வீட்டுத் திண்ணையில் எரிந்த குண்டு பல்பு ஒன்றுக்கும் அதே நாற்பது வாட்தான்! அந்தச் சிறு கருவியைக் கொண்டு 1924 ஜூலை 31இல் கிளப் தன் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. சங்கம் தோன்றி இரண்டரை மாதம்கூட முழுமையாகக் கழியவில்லை. ஒரு தீர்மானம் நிறைவேற்றவே இரண்டரை ஆண்டு எடுத்துக்கொள்ளும் சங்கங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாகவே இருக்கும். பின்னர் 200 வாட் கருவியும் வந்தது. மாலை வேளைகளில் இசையும் உரையும் வானில் மிதந்தன.

கேட்டவர் எதைக் கொண்டு கேட்டனர்? இதனை அறிவியல் மாணவர் அல்லாதாரும் அறிந்துகொள்ளுதல் நலம். அன்று வால்வு பொருத்திய பெட்டிகள் கடல் கடந்து வந்தவை. விலையோ யானை விலை. எளியோருக்குக் கைகொடுத்தது படிகக் கருவி, அதாவது கிரிஸ்டல் செட். ஈயத்தாதுவாகிய கலீனாப் படிகம் ஒரு சிறு துண்டு. அதன்மேல் பட்டும் படாமலும் நிற்கும் மெல்லிய கம்பி முனை. செப்புக் கம்பி சுற்றிய சுருள். மாடியில் கட்டிய ஏரியல். மண்ணில் புதைத்த எர்த் கம்பி. காதில் மாட்டும் ஹெட்போன். இவ்வளவே. பாட்டரி வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வானில் வரும் அலையின் ஆற்றலே காதில் ஒலியாகிறது. கம்பி முனையைப் படிகத்தின்மேல் அங்குமிங்கும் நகர்த்தி, ஒலி பிடிக்கும் புள்ளியைத் தேட வேண்டும். பக்கத்தில் யாரேனும் கதவை அறைந்து சாத்தினால் முனை நழுவிவிடும், பாட்டும் போய்விடும். ஒரு ஹெட்போனில் ஒருவர்தான் கேட்கலாம். நிலையத்துக்கு அருகிலிருந்தால்தான் அதுவும் இயலும்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. அமெச்சூர் வானொலி என்றால் இன்று நாம் ஹாம் எனப்படுவோரை நினைக்கிறோம். தேர்வெழுதி, உரிமம் பெற்று, வியு என்று தொடங்கும் அழைப்புக்குறியுடன் ஒருவரோடொருவர் வானில் உரையாடுவோர் அவர்கள். ஊருக்கெல்லாம் பாட்டு ஒலிபரப்புவது அவர்களுக்கு விலக்கப்பட்ட செயல். 1920களில் இக்கோடு இவ்வளவு அழுத்தமாக விழவில்லை. தாமே கருவி கட்டுவோரும் பேசுவோரும் பாட்டு அனுப்புவோரும் ஒரே பந்தியில் அமர்ந்திருந்தனர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1923இலேயே ரேடியோ கிளப்புகள் தோன்றின. தொழிலுக்காக அன்றி விருப்பத்துக்காகச் செய்வோரே இந்நாட்டின் ஒலிபரப்பைத் தொடங்கிவைத்தார்கள். அவர்கள் வழிவந்தோரின் பயன் என்ன என்று கேட்போர் 2004 டிசம்பர் 26ஐ நினைவுகூரட்டும். ஆழிப்பேரலையில் அந்தமானின் தொலைபேசித் தொடர்பு அற்றுக் கிடந்தபோது, போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த ஹாம்கள் தம் கருவிகளால் தீவுகளின் செய்தியைத் தாய்நாட்டுக்குச் சொன்னார்கள்.

செட்டியாரின் கிளப்புக்குத் திரும்புவோம். மூன்றாண்டுகள் அது பாடியது. 1927 அக்டோபரில் அதன் குரல் நின்றது. காரணம் வேறொன்றுமில்லை, பணமுடைதான். வானொலியின் இயல்பே அதற்குப் பகையாயிற்று. கூத்துக் கொட்டகைக்கு வாயிலுண்டு. சீட்டு வாங்காதவரை வாயிலில் நிறுத்தலாம். வானுக்கு வாயில் ஏது? சந்தா கட்டியவரும் கேட்கலாம், கட்டாதவரும் கேட்கலாம். செலவோ நாள்தோறும் உண்டு. வால்வு ஒன்று பழுதானால் சீமையிலிருந்து வர வேண்டும்.

இதனை வைத்துச் செட்டியாரும் நண்பர்களும் கணக்கறியாதவர் என்று முடிவு கட்டிவிடலாகாது. கணக்கறிந்தவர் கதி என்னவாயிற்று? அதே 1927இல் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி என்ற தனியார் நிறுவனம், ஆறு இலட்சம் ரூபாய் பங்கு மூலதனத்துடன் எழுந்தது. ஜூலை 23இல் பம்பாயிலும் ஆகஸ்டு 26இல் கல்கத்தாவிலும் நிலையங்கள் திறந்தது. பம்பாய் நிலையத்தைத் திறந்து வைத்தவர் வைசிராய் இர்வின் பிரபு. அத்தனை ஆரவாரத்தோடு வந்த கம்பெனி 1930 மார்ச்சில் கடையைக் கட்டிவிட்டது. 1929 முடிவில் நாடு முழுவதிலும் உரிமம் பெற்ற ரேடியோப் பெட்டிகள் எட்டாயிரத்தைக்கூட எட்டவில்லை. கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில் எட்டாயிரம் பெட்டிகளை நம்பி எந்த நிலையமும் வாழ இயலாது. செல்வர் வீட்டுக் கூடத்துக்கு மட்டும் உரிய பொருளாக இருக்கும்வரை வானொலிக்கு இந்நாட்டில் வாழ்வில்லை. இலட்சங்களை இழந்து கம்பெனி கற்ற பாடமும், சந்தாப் பணத்தை இழந்து கிளப் கற்ற பாடமும் ஒன்றே.

பாடம் கற்றபின் கிளப் செய்த செயலே செட்டியாரின் வரலாற்றில் தலையாயது என்பது என் கருத்து. கிளப் ஓய்ந்தபோது கையிலிருந்த செல்வம் அந்த ஒலிபரப்புக் கருவிதான். உறுப்பினர் பங்கிட்டுக் கொண்டிருக்கலாம். விலைக்கு விற்றுக் கடனை அடைத்திருக்கலாம். அவ்வாறன்றி அதனைச் சென்னை மாநகராட்சிக்கு வழங்கினார்கள். தெருவிளக்கும் குடிநீரும் தரும் ஊராட்சி அமைப்பே பாட்டையும் செய்தியையும் தரட்டும் என்ற எண்ணம் இந்தக் கொடையில் அடங்கியிருக்கிறது. விளக்கின் கீழ் நிற்பவரிடம் யாரும் சீட்டுக் கேட்பதில்லை அல்லவா?

ஏறத்தாழ இரண்டரை ஆண்டு மௌனத்துக்குப்பின், 1930 ஏப்ரல் முதல் நாள் மாநகராட்சியின் ஒலிபரப்புத் தொடங்கியது. முடிந்துபோன கம்பெனியின் பம்பாய், கல்கத்தா நிலையங்களை இந்திய அரசு ஏற்றுக்கொண்டதும் அதே நாளில்தான். அங்கே அரசாங்க வானொலி. இங்கே நகரசபை வானொலி! ரிப்பன் மாளிகையிலிருந்து மாலை தோறும் இசை கிளம்பியது. பள்ளிச் சிறுவர்க்கெனக் கதைகளும் பாடங்களும் ஒலித்தன. ஞாயிறு, விடுமுறை நாட்களில் காலையிலும் நிகழ்ச்சி உண்டு. மாதத்துக்கு ஒருமுறை, முதல் திங்களன்று, ஐரோப்பிய இசை. ஆட்சியாளர் காதுக்கு மாதம் ஒரு நாள், மற்றோர் காதுக்கு மற்ற நாளெல்லாம் என்ற இந்தப் பங்கீடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதனினும் சிறந்தது ஒன்றுண்டு. மெரினாக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. பெட்டி வாங்க வக்கில்லாதவன் மணலில் அமர்ந்து கேட்டான். சபாக்களின் வாயிற்படியை மிதித்தறியாத கூலியாளும், கோயில் மதிலுக்கு வெளியே நின்று நாதசுரம் கேட்டுப் பழகியவனும் ஒரே மணலில் அமர்ந்து பாட்டுக் கேட்க வழி பிறந்தது. ஒரு காதுக்கு மட்டும் கேட்ட கலீனாப் படிகத்திலிருந்து கடற்கரைக் கூட்டம் முழுவதும் கேட்கும் ஒலிபெருக்கி வரை வந்துசேர ஆறே ஆண்டுகள். இடையில் ஒரு தோல்வியும் ஒரு கொடையும்.

மாநகராட்சியின் இப்பணி எட்டாண்டுகள் நடந்தது. அகில இந்திய வானொலி என்ற பெயர் 1936இல் வந்தது. 1938 ஜூன் 16இல் சென்னையில் அதன் நிலையம் திறந்தது. நகரசபை வானொலி விடைபெற்றுக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் மைசூரில் செட்டியாரைப் போன்றே இன்னொருவர் தோன்றினார். எம்.வி. கோபாலசாமி என்ற உளவியல் பேராசிரியர் 1935இல் தம் வீட்டிலேயே சிறு நிலையம் நடத்தினார். ஆகாசவாணி என்று நாடு முழுவதும் இன்று வழங்கும் பெயர் அவர் நிலையத்தின் பெயரே. மைசூர்ப் பேராசிரியருக்குப் பெயரேனும் நிலைத்தது.

1939இல் திருச்சிக்கு நிலையம் வந்தபோது காவிரிக் கரையின் இசைவாணர்க்குச் சென்னைப் பயணம் மிச்சமாயிற்று. உறையூரிலும் திருவரங்கத்திலும் தஞ்சையிலும் கும்பகோணத்திலும் வாழ்ந்த கலைஞர்க்கு அருகிலேயே ஓர் அரங்கம் கிடைத்தது. ஆனால் திருச்சி நிலையத்தின் பெரும்புகழ் இசையால் மட்டும் வந்ததன்று. சேற்றில் இறங்கி நின்றவர்களாலும் வந்தது. 1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லை வெளியிட்டது. ஜப்பானிய நெல்லையும் நம் ஜி.இ.பி. 24ஐயும் இணைத்துப் பிறந்த வகை அது; குறுவைப் பட்டத்துக்கு ஏற்றது. பழக்கமில்லாத விதையை எந்த உழவன் எளிதில் நம்புவான்? ஓராண்டு பொய்த்தால் வீட்டில் அடுப்பெரியாது. எப்போது நாற்று விடுவது, எவ்வளவு உரமிடுவது, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்பதையெல்லாம் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி நாள்தோறும் எடுத்துச் சொன்னது. டீக்கடை ரேடியோவின் முன்னும் ஊராட்சி மன்றத்து ஒலிபெருக்கியின் கீழும் உழவர் கூடிக் கேட்டனர்.

கேட்டவர்கள் விதைத்தார்கள், விளைந்தது. அந்த நெல்லின் எண்ணும் எழுத்தும் தஞ்சை உழவர் நாவில் நிற்கவில்லை. விதை வாங்கப் போனவர்கள் ரேடியோ நெல் என்று சொல்லியே கேட்டு வாங்கினார்கள்.