கடனை இரண்டாகப் பிரித்தால் மீதி யாருக்கு? பிரம்மகுப்தரும் கம்ப்யூட்டரின் வகுத்தலும்

அமிர்தி பக்கத்து ஜவ்வாது மலைக் காட்டில் கிடைக்கும் கடுக்காய்க்கும் வேலூர், ஆம்பூர் டேனரிகளுக்கும் பழைய உறவு உண்டு. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். இரண்டு பேர் கூட்டாகக் கடுக்காய் வியாபாரம் செய்கிறார்கள், கடைசியில் 7 ரூபாய் கடன் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது பைசாதான் இப்போது யாரும் வாங்குவதில்லையே, முழு ரூபாயாகவே பிரிக்க வேண்டும். ஆளுக்கு 3 ரூபாய் போட்டால் 1 ரூபாய் கடன் மிச்சம். ஆளுக்கு 4 ரூபாய் போட்டால் கடன் தீர்ந்து 1 ரூபாய் கையில் மிச்சம்.

எது சரி? இரண்டுமே சரிதான். சிக்கல் என்னன்னா, கம்ப்யூட்டர் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கழித்தல் 7ஐ 2ஆல் வகுக்கச் சொன்னால், ஜாவா மொழி ஈவு கழித்தல் 3, மீதி கழித்தல் 1 என்கிறது. பைத்தானில் முழு எண் வகுத்தலைப் போட்டுப் பாருங்க, ஈவு கழித்தல் 4, மீதி 1 என்று வரும். சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரம் இதை அந்தந்த மெஷினின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. 1999இல்தான் ஜாவா வழியே விதியானது.

கடனையும் ஒரு எண்ணாக வைத்து அதற்கு முறையான விதிகள் எழுதிய பழங்கால அறிஞர்களில் ஒருவர் பிரம்மகுப்தர்.

யார் இவர்?

கி.பி. 598இல் பிறந்தவர். அப்பா பெயர் ஜிஷ்ணுகுப்தர். வாழ்ந்த ஊர் பில்லமாலம், இன்றைய ராஜஸ்தானின் பின்மால். சாப வம்சத்து மன்னர் வியாக்ரமுகர் ஆண்ட காலம் அது. 628இல், 30 வயதில், 'பிராம்மஸ்புட சித்தாந்தம்' என்ற பெரிய வானியல் நூலை முடித்தார்.

அந்த வயதுக்குரிய வேகம் நூலில் தெரிகிறது. முன்னோர்களின் பிழைகளைப் பட்டியலிடவே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். அதிகம் அடி வாங்கியவர் ஆரியபட்டர். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்ற ஆரியபட்டரின் கருத்தையும் விடவில்லை. அந்த விஷயத்தில் தவறு பிரம்மகுப்தர் பக்கம்தான்.

ஆனால் 18ஆம் அத்தியாயத்தில் அவர் செய்தது வேறு மாதிரி வேலை. மிகை எண்ணுக்குத் தனம், அதாவது சொத்து. குறை எண்ணுக்கு ருணம், அதாவது கடன். வியாபாரிக்கு உடனே புரிகிற சொற்கள். கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து, கடனைச் சொத்தால் வகுத்தால் கடன் என்று வரிசையாக விதி சொன்னார். நம் பள்ளிப் பிள்ளைகள் படிப்பது ஏறக்குறைய இதைத்தான். ஆனால் அந்த விதிகள் விடையின் குறியைத்தான் சொல்கின்றன. ஏழு ரூபாய்க் கடனில் மிச்சம் எந்தப் பக்கம் என்பதை அவை தொடவில்லை. அவருக்கு மூன்றரை என்ற பின்னமே விடையாகப் போதும்.

சூன்யத்தால் வகுத்தால்?

இங்கேதான் அவர் சறுக்கினார் என்று வழக்கமாகச் சொல்வார்கள். சூன்யத்தைச் சூன்யத்தால் வகுத்தால் சூன்யம் என்று எழுதினார். மற்ற எண்களைச் சூன்யத்தால் வகுத்தால், கீழே சூன்யம் உள்ள பின்னமாகவே விட்டுவிட்டார்.

இன்றைய கணிதம் இதை ஏற்காது. அப்போ மெஷின்கள்? அவைகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பெரும்பாலான செல்போன்களில் இருக்கும் ஏஆர்எம் ரகத்தின் இன்றைய சிப்புகள், முழு எண்ணைச் சூன்யத்தால் வகுக்கச் சொன்னால் சத்தமில்லாமல் சூன்யம் என்று விடை தருகின்றன. வீட்டு லேப்டாப்பில் இருக்கும் இன்டெல் சிப் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிட்டு அபாய மணி அடிக்கும். எது நல்லது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. 1997இல் யார்க்டவுன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் யாரோ ஒரு கட்டத்தில் பூஜ்யத்தை உள்ளிட, அதனால் வகுக்கப்போன மென்பொருள் விழுந்து, நெட்வொர்க்கே படுத்து, கப்பல் கடலில் நகர முடியாமல் நின்றது. அதற்காகத் தப்பான விடையைக் கமுக்கமாகக் கொடுப்பது பாதுகாப்பு ஆகிவிடாது. மருந்து அளவு கணக்கிடும் கருவி அப்படிச் செய்தால் என்ன ஆகும்?

மீதியே முக்கியம்

பிரம்மகுப்தரின் வானியலில் ஈவைவிட மீதிக்கு மதிப்பு அதிகம். 18ஆம் அத்தியாயத்தின் பெயரே குட்டகம், அதாவது பொடியாக்குதல். ஆரியபட்டரிடமிருந்து வந்த முறைதான். கடுக்காய் மூட்டைகளை ஏழேழாக அடுக்கினால் 3 மிச்சம், ஐந்தைந்தாக அடுக்கினால் 2 மிச்சம், மொத்தம் எத்தனை? 17, அல்லது 52, அல்லது 87. இப்படி மீதியிலிருந்து முழு எண்ணைப் பிடிப்பதே குட்டகம். கிரகம் இருக்கும் இடத்திலிருந்து கடந்துபோன நாட்களைக் கண்டுபிடிக்க இது தேவைப்பட்டது.

கிழமையும் மீதிதான். ஒரு தொடக்க நாளிலிருந்து கடந்த நாட்களை 7ஆல் வகுத்தால் மிஞ்சுவது கிழமை. பிரம்மகுப்தர் எண்ணத் தொடங்கியது கல்பத்தின் முதல் நாளிலிருந்து, அவர் கணக்கில் சுமார் 197 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். கல்பத்தின் மொத்த நாட்கள் 1,57,791 கோடியே 64 லட்சத்து 50 ஆயிரம். தொடக்கம் அவ்வளவு பின்னால் இருப்பதால் நாள் கணக்கு கடனாக மாற வாய்ப்பே இல்லை.

யூனிக்ஸ் வழிவந்த கம்ப்யூட்டர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவை எண்ணத் தொடங்குவது 1970 ஜனவரி 1, வியாழன். 1969 டிசம்பர் 22 (ராமானுஜன் பிறந்த தேதி!) என்ன கிழமை? நாள் எண் கழித்தல் 10. பைத்தான் வழியில் மீதி 4, வியாழனிலிருந்து நாலு தள்ளினால் திங்கள், சரியான விடை. ஜாவா வழியில் மீதி கழித்தல் 3. அப்படி ஒரு கிழமை எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. புரோகிராமர்தான் கவனமாக 7ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1970க்கு முன் பிறந்த எல்லோருடைய பிறந்த தேதியும் இந்தக் கடன் பக்கம்தான் வருகிறது. தேதிக் கணக்கு என்று வந்தால் பைத்தான் வழியே மேல்.

67 வயதில் ஒரு திருப்பம்

665இல் பிரம்மகுப்தர் இன்னொரு நூல் எழுதினார். பெயர் 'கண்டகாத்யகம்', கற்கண்டுப் பண்டம் போல. 197 கோடி ஆண்டுக் கணக்கைத் தினமும் யார் போடுவது? அதனால் அந்த 665ஆம் ஆண்டையே தொடக்கமாக வைத்து, சின்ன எண்களில் வேலை முடிகிற மாதிரி அமைத்தார். யூனிக்ஸ்காரர்கள் 1970ஐப் பிடித்ததும் ஏறக்குறைய இதே சௌகரியத்துக்காகத்தான்.

வேடிக்கை அதுவல்ல. அந்தக் கைநூலின் முதல் பகுதி ஆரியபட்டரின் கணக்கு முறையையே பின்பற்றுகிறது. 30 வயதில் கிழித்துப் போட்டவரின் வழியில், 67 வயதில் மாணவர்களுக்குப் பாடம். அடுத்த பகுதியில் தன் திருத்தங்களைச் சேர்க்கவும் மறக்கவில்லை.

770களில் பிரம்மகுப்தரின் வானியல் பாக்தாத் போய், கலீபா அல் மன்சூர் காலத்தில் 'சிந்துஹிந்த்' என்ற அரபு நூலானது. அதை வைத்து அட்டவணைகள் போட்டவர்களில் ஒருவர் அல் குவாரிஸ்மி. புரோகிராமர்கள் தினமும் சொல்லும் அல்காரிதம் என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். கடனையும் சூன்யத்தையும் பேசும் அந்த 18ஆம் அத்தியாயம் ஆங்கிலத்துக்கு வந்தது 1817இல், கோல்புரூக் மொழிபெயர்ப்பில்.