வயிற்று வலிக்கு ஒரு பாட்டு

திருவாரூர் கோவிலில் சுத்த மத்தளம் வாசித்தவர், தம்பியப்பன். அவருக்குத் தீராத வயிற்று வலி. வேதனை தாங்காமல் தவித்தார்.

அவருடைய குரு, முத்துசாமி தீட்சிதர். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர். 1775-ம் ஆண்டு திருவாரூரில் பிறந்தவர். சென்னைக்கு அருகே மணலியில் வளர்ந்தார். சிதம்பரநாத யோகியுடன் காசிக்குப் போய், சில ஆண்டுகள் அங்கே தங்கினார்.

நோயும் பாட்டும் அவர் வீட்டுக்குப் புதியவை அல்ல. தம்பி சின்னசாமிக்குக் கண் பார்வை கெட்டது. தந்தை ராமசாமி தீட்சிதர் பையனைத் திருப்பதிக்கு அழைத்துப் போனார். 48 ராகங்களில் ஒரு மாலை கட்டிப் பாடினார். பார்வை திரும்பியது என்று அந்தக் குடும்பத்தார் சொல்லி வந்தார்கள்.

சீடர் தவிப்பதைத் தீட்சிதர் பார்த்தார். ஜாதகத்தில் குரு கிரகம் சரியில்லை என்று கண்டார். அதற்கு மந்திர ஜபம் செய்வது வழக்கம். தம்பியப்பன் ஜபத்துக்கு எங்கே போவார்? அவருக்குத் தெரிந்தது சங்கீதம். எனவே, ஜபத்துக்குப் பதில் அடாணா ராகத்தில் ஒரு பாட்டு கட்டிக் கொடுத்தார். தம்பியப்பன் அதைத் தினமும் பாடினார். வலி நீங்கியது என்பது வழிவழியாக வரும் கதை.

பிறகு மற்றக் கிரகங்களுக்கும் பாடினார். கிழமைக்கு ஒன்றாக ஏழு பாட்டு! ராகு, கேது பாட்டுகளும் வழங்குகின்றன. அவை இவர் பாடியவைதானா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு.

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

கிரகம் விலகியதா? மனம் தேறியதா? அது இருக்கட்டும். தம்பியப்பன் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. தாமே பாடினார். அதைக் கவனியுங்கள்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று ஒரு நோய். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் மேலுறை கெட்டுப் போகிறது. நடை தளரும். பார்வை மங்கும். கட்டுப்படுத்த மருந்து உண்டு. அடியோடு தீர்க்க மருந்து இல்லை. நாளை எப்படி இருக்குமோ என்ற கவலையும் மனச்சோர்வும் நோயாளியை வாட்டும். அப்படிப்பட்டவர்களுக்கு, பயிற்சி பெற்றவர்கள் இசை சிகிச்சை அளிக்கிறார்கள். கேட்பதோடு சரி அல்ல. நோயாளிகளையும் பாட வைக்கிறார்கள். பாட்டு நரம்பைச் சரிசெய்யாது. மருந்தை நிறுத்தவும் கூடாது. மனப் பாரம் குறைந்தால் அதுவே பெரிய லாபம்!

மதுரையில் வந்த செய்தி

தீட்சிதருக்கும் துக்கம் வந்தது. தம்பிகள் இருவரும் பிழைப்பைத் தேடி மதுரைப் பக்கம் போய்விட்டார்கள். வெகுநாள் செய்தி இல்லை. அவர்களைத் தேடி மதுரைக்கு வந்தார். சின்னசாமி இறந்துவிட்டார் என்ற செய்திதான் கிடைத்தது. பார்வை திரும்பியதே, அதே தம்பி!

இன்னொரு தம்பி பாலுசாமி எட்டயபுரம் அரண்மனை வித்வானாக இருந்தார். வெள்ளைக்காரரின் பிடிலைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. மதுரையில் இருந்து தெற்கே, கரிசல் காட்டு வழியாக அவரைத் தேடிப் போனார் தீட்சிதர். தம்பியைக் கண்டு மகிழ்ந்தார். கடைசிக் காலத்தில் எட்டயபுரத்தில்தான் இருந்தார்.

மதுரை மீனாட்சி மீது அவர் பாடிய பாட்டு ஒன்று உண்டு. 'மீனாட்சி மே முதம்' என்று தொடங்கும். முதம் என்றால் மகிழ்ச்சி. 1835-ம் ஆண்டு தீபாவளியன்று, அந்தப் பாட்டைப் பாடும்படி சீடர்களிடம் கேட்டார். அவர்கள் பாடினார்கள். பாட்டைக் கேட்டபடியே தீட்சிதர் கண் மூடினார். அவருடைய சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது.