செக்கு மனிதனைத் திருத்துமா?

நாகூருக்கு வடக்கே, கடலை ஒட்டி, கீழவாஞ்சூர் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி காரைக்கால் பிரெஞ்சு ஆதிக்கத்தினின்று நீங்கும் வரையில், இவ்வூரின் எல்லையே இரண்டு சட்டங்களுக்கும் எல்லையாக நின்றது. தெற்கே ராஜத்துரோகி எனப்பட்டவனை ஆங்கிலப் போலீஸாரின் கை வடக்கே வந்து தீண்டவியலாது. மனிதன் அவனே, அவன் மனமும் அதுவே, மாறியது மண்ணின் மேல் போட்ட கோடு மாத்திரமே. 1908-இல் பாரதியார் இத்தகைய மற்றோர் எல்லையைக் கடந்து புதுச்சேரி புகுந்தார். அதே ஆண்டில், எல்லை கடவாமல் நின்று தண்டனையை ஏற்றவர் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை. குற்றத்தையும் தண்டனையையும் மனிதனது சுயேச்சையையும் பற்றிச் சிந்திப்போர் அவரது சரித்திரத்தை ஊன்றிப் பார்த்தல் தகும்.

1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்த பிள்ளையவர்கள் வக்கீல் தொழிலில் நற்பெயர் பெற்றவர். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, வெள்ளையர் கம்பெனிக்கு எதிராகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். 1908-இல் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை நடத்திக் கூலி உயர்வு பெற்றுத் தந்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் கைதானார். ஜட்ஜ் பின்ஹே, ராஜத்துரோகப் பேச்சுக்கு 20 வருஷமும், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 வருஷமும் தீவாந்தர சிட்சை விதித்தார். ஐகோர்ட்டு அதனை ஆறு வருஷமாகக் குறைத்தது.

கோயமுத்தூர்ச் சிறையில் அவர் கைத்தோல் உரியச் சணல் இயந்திரம் சுற்றினார். பின்னர் மாடு இழுக்கும் செக்கை வெயிலில் இழுத்தார். இவ்வாறு உடல் நுகத்தடியில் கட்டுண்டிருந்த காலத்திலேயே, மனிதனின் எண்ணமே அவன் வாழ்வை ஆக்குகிறது என்று கூறும் ஜேம்ஸ் ஆலனின் நூலை மனம்போல வாழ்வு என்று தமிழாக்கினார். பின்பு கண்ணனூர்ச் சிறையில் உடன்கைதிகளுக்கு அறநெறி போதித்தார். சிறையில் பிறந்த மெய்யறமும் மெய்யறிவும் ஒழுக்கத்தையே பொருளாகக் கொண்டவை.

பிள்ளையவர்கள் திருடரல்லர், கொலைஞரல்லர். அவரைக் கொண்டு குற்றவாளிகளின் வழக்கைப் பேசலாகுமோ என்று சிலர் வினவலாம். அவர் முன் அமர்ந்து அறங்கேட்டோர் குற்றத்துக்காகச் சிறை புகுந்தோரே என்பதை அன்னார் மறக்கலாகாது. சர்க்கார் அவர்களுக்கு விலங்கு தந்தது. உடன்கைதி ஒருவர் அவர்களுக்குக் கல்வி தந்தார்.

மனிதனின் செயல் ஊழாலும் வறுமையாலும் தீய சகவாசத்தாலும் முன்னரே முடிவாகிவிடுகிறதென்றால், அவன் உடலை வதைப்பதில் நீதி எங்கே? அன்றி, அவன் சுயேச்சை உடையவன் என்றால், தீமையைத் தெரிந்துகொண்ட அதே சித்தம் நன்மையையும் தெரிந்துகொள்ள வல்லதன்றோ? அச்சித்தத்தோடு பேசாமல் முதுகுத்தோலோடு பேசும் தண்டனையால் யாது பயன்? இவ்விரண்டில் எதனைக் கொண்டாலும் செக்குக்கு இடமில்லை. கொடியோரிடமிருந்து ஜனங்களைக் காக்கச் சிறை வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. அடைத்து வைப்பது வேறு; அடித்து நசுக்குவது வேறு.

1912 டிசம்பரில் பிள்ளையவர்கள் வெளியே வந்தார். தண்டனை முடிந்ததா? இல்லை. கப்பல் கம்பெனி அழிந்திருந்தது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. கப்பலோட்டியவர் குடும்பத்தைக் காக்கச் சிறு வியாபாரம் செய்து வறுமையில் வாடினார். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் பிற்காலத்தில் அவருக்குச் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாத பிள்ளையவர்கள் தம் புதல்வர் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியின் செக்கு அவரது கொள்கையை அசைக்கவில்லை. ஆங்கிலேயர் ஒருவரின் நியாய உணர்ச்சியோ அவர் இல்லத்தில் ஒரு குழந்தையின் பெயராய் நிலைத்தது. 1935-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தாம் எழுதிய உரையை வெளியிட்டு, 1936 நவம்பர் 18-ஆம் தேதி தூத்துக்குடியில் அவர் காலமானார்.

கைதியைத் திருத்துவதும் சிறையின் நோக்கமென்று 1919–20-ஆம் ஆண்டு இந்திய ஜெயில் கமிட்டி ஒப்புக்கொண்டது. தகுதியுள்ள குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவதற்கு 1958-இல் மத்தியச் சட்டம் ஒன்று வந்தது. ஆயினும், சிறையிலிருந்து மீண்டவனுக்கு வேலை தர மறுக்கும் முதலாளியும், வீடு தர மறுக்கும் குடித்தனக்காரரும், பேச மறுக்கும் அண்டை வீட்டாரும் இன்றும் நம்மிடையே உளர். பின்ஹேயின் தீர்ப்பைப் பழிக்கும் நாம், விடுதலையானவனுக்கு நம் வாசலில் மற்றொரு தீர்ப்பை எழுதலாமா? பிள்ளையவர்களின் சிலைக்கு மாலையிடும் கரங்கள், தண்டனை முடித்து வந்த ஏழை ஒருவனுக்கு வேலையும் தருமாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.